கடைசி ஒன்பதுக்குக் கீழே

காலை பத்து மணி. ஏசி உறுமிக்கொண்டிருந்த அறையில், சக்கர நாற்காலியில் கணிதப் பேராசிரியர் செத்துக் கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. தலைக்கு நேர் மேலே, கரும்பலகையில் பெரிதாக ஓர் ஒன்பது. மடியில் பால் டம்ளர்.

"பால்ல தூக்க மாத்திரை. அடியில கசடு நிக்குது பாருங்க," என்றார் டாக்டர். "எப்போ செத்தார்னு மட்டும் கேக்காதீங்க. இந்தக் குளிர்ல ராத்திரியாவும் இருக்கலாம், காலையிலயாவும் இருக்கலாம்."

பெண் இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார். 3939. நான்கே இலக்கங்கள்.

மகள் கூடத்துத் தரையில் சுருண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்தவள்தான். அப்புறம் அந்த அறைப் பக்கமே திரும்பவில்லை.

"பலகையில என்னம்மா எண்?"

"அப்பாவோட செல்லம். 73939133. பகா எண், ஒண்ணையும் தன்னையும் விட்டா எதாலயும் வகுபடாது. வால்ல ஒரு இலக்கத்தை அழிச்சா மிச்சமும் பகா எண்தான். ஏழு மட்டும் நிக்கிற வரைக்கும் அப்படியே. இதைவிடப் பெரிசா இந்த மாதிரி ஒண்ணு கிடையவே கிடையாது. தினம் கண் முழிச்சதும் ஒண்ணு அழிப்பார். ராத்திரியே நாற்காலிய மறுநாள் அழிக்கப்போற இலக்கத்துக்குக் கீழ தள்ளிக்கிட்டு, அதுலயே தூங்கிடுவார். 'நானும் இப்படித்தான் குறையறேன், ஆனா உடையல'ன்னு சிரிப்பார்."

"நேத்து எத்தனை இருந்துச்சு?"

"அஞ்சு."

"கேட்டீங்களா மேடம்!" வாசலில் நின்ற சித்தப்பா குரலை உயர்த்தினார். பேராசிரியரின் ஒரே தம்பி. "இன்னைக்கு நாலு. அப்ப அண்ணன் காலையில உயிரோட எழுந்திருக்கார். நான் ராத்திரியே ரயில் ஏறினவன். சேதி கேட்டுப் பாதியில இறங்கி ஓடி வரேன். காலையில வீட்டுல இருந்தது இவ ஒருத்திதான். பணிவிடை செஞ்சு சலிச்சுப்போச்சு போல."

"சித்தப்பா! ராத்திரிப் பால் நீங்கதானே கொடுத்தீங்க?"

"குடிச்சிட்டு நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தார்!"

பெண் காவலர் மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். வாசலில் ஜீப் காத்திருந்தது.

"விடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏம்மா, மூணு, ஒன்பது, மூணு, ஒன்பது. கூட்டினா?"

"இருபத்திநாலு." மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "மூணால வகுபடுமே! அப்பா அழிச்சிருந்தா 7393 இல்ல நிக்கணும்?"

"ஆமா. யாரோ தலைப்பக்கத்து ஏழை அழிச்சிருக்காங்க. உங்கப்பா கை இல்ல."

"இவளே அழிச்சிருப்பா," என்றார் சித்தப்பா.

"எதுக்கு? அவர் காலையில உயிரோட இருந்தார்னு காட்டினா மாட்டறது இவ. தப்பிக்கிறது, காலையில ஊர்லயே இல்லாத ஆள். இவ உள்ள போனா வீடும் யாருக்கு?"

"முப்பது வருஷமா பாக்கறேன் மேடம். எந்தப் பக்கம் அழிக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுதான் என்னையும் குழப்புச்சு."

இன்ஸ்பெக்டர் அறைக்குள் போய், நாற்காலியின் முன் நின்று கடைசி ஒன்பதை நோக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை. பிணத்தின் முகத்துக்கு மேலே குனிய வேண்டியிருந்தது. திறந்த கண்கள் ஒரு சாண் தூரத்தில்.

"இந்த ஒன்பதை இப்ப நீங்க அழிச்சுக் காட்டுங்க. உங்களை விட்டுடறேன்."

சித்தப்பா அறையின் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"கண்ணை மூடித்தான் விட்டேன்," என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. "மறுபடி மறுபடி திறந்துகிட்டாரு."