கூப்பிட்ட குரலுக்கு வந்தவை

ஒலிபெருக்கியின் ஒயர் பிடுங்கப்பட்டு ரங்கிமாரியின் கையில் இருந்தது. பறவையின் குரல் நிற்கவில்லை.

முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். மூன்று வருஷமாக அந்தி சாய்ந்ததும் அந்தப் பெட்டி கத்துவதைக் கேட்டுக் கேட்டு, ஊரில் படுத்திருக்கும்போதுகூட தலையணைக்குள் அது கத்துகிற மாதிரி இருக்கும். தீத்திப் பறவையின் குரல் அப்படி. பாலுக்கு அழுகிற பிள்ளையையும் துருப்பிடித்த கதவுக் கீலையும் சேர்த்துப் பிசைந்தது போல. மண்ணைக் குடைந்து, வளைக்குள் முட்டையிடுகிற கடற்பறவை அது. கப்பலில் வந்த எலிகள் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்த பிறகு, இந்தத் தீவில் அதன் குரலைக் கேட்டவர் எவரும் உயிரோடு இல்லை. விஷம் வைத்து எலிகளை ஒழித்தார்கள். மொட்டையாய்க் கிடந்த சரிவில் மானுக்கா நட்டார்கள். மரம் வந்தது, பறவை வரவில்லை. அதனால்தான் வேறொரு தீவில் பதிவு செய்த குரலைப் பெட்டியில் அடைத்து, கடலைப் பார்த்துக் கத்தவிட்டார்கள்.

அந்தப் பெட்டிக்கு பேட்டரி கொண்டு வரும்போதுதான் அவள் தம்பி பராத்தேனேயின் படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்கட்டும், அப்புறம் அவனுக்கு விடை கொடுத்து அனுப்பலாம் என்று அம்மா ஒரே பிடிவாதமாக இருந்துவிட்டாள். இந்தப் பருவத்திலும் ஒரு பறவை இறங்கவில்லை என்று நகரத்து ஆட்கள் திட்டத்தையே மூடிவிட்டார்கள். பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போகத்தான் அவள் இன்று வந்திருந்தாள். ஒரு முட்டை போதும். அவன் வீணாகப் போகவில்லை என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

குரல் மேல் சரிவிலிருந்து வந்தது. அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"அக்கா, பெட்டிய நிறுத்திட்டேன். மேல கத்துது. நெசமான பறவை."

கீழே படகில் காத்திருந்த பெரியம்மா மகள் பிரிஹிரா, எதையோ மென்றுகொண்டே பேசினாள். "போடி. போன வருஷமும் இதையேதான் சொன்ன. கடைசில பாத்தா ஒன் கழுத்துல தொங்குற விசிலு."

"வெளையாடாதக்கா."

"சரி, போய்ப் பாரு. இருட்டறதுக்குள்ள எறங்கிடு. மீன் ஆறிச்சுன்னா ஒனக்குக் கெடையாது." பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்கு அந்தப் பெட்டிய என்னைக்கும் புடிச்சதில்ல ரங்கி. நம்ம ஊர்க் கூடத்து வாசல்ல விருந்தாளியக் குரல் குடுத்துக் கூப்பிட்டா, அவங்கவங்க செத்தவங்களும் கூடவே வர்றாங்க. அதான் மொதல்ல அவங்களுக்கு விடை குடுத்து அனுப்பிட்டு மத்தது பேசுறோம். இங்க மூணு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம். யாருக்காவது விடை குடுத்தோமா?"

"பறவையக் கூப்பிட இதெல்லாம் எதுக்குக்கா?"

"பறவைக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு ஒனக்கு யார் சொன்னா?"

ரங்கிமாரி வயர்லெஸ்ஸை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். மானுக்காப் பூவின் தித்திப்பு வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது. வெகுநாள் நனைந்து காயாமல் கிடந்த கம்பளிச் சட்டையின் வாடை, பாசி, கொஞ்சம் டீசல். ஒரு வாரமாக மழையில்லை. ஆனால் சரிவின் புல்லெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. விரலை நக்கிப் பார்த்தாள். உப்பு.

மேலே போனதும் நின்றுவிட்டாள். புதிய வளைகள். ஒன்றல்ல, இரண்டல்ல, சரிவு முழுக்க. ஒவ்வொன்றின் வாயிலும் உள்ளிருந்து வெளியே தள்ளிய ஈர மண். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாடை மறந்தது, உப்பு மறந்தது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் மறந்துதான் போயிருப்பார்கள்.

குரல் வந்த வளையின் முன் குப்புறப் படுத்தாள். இதற்கு வேறு வழி கிடையாது. கன்னத்தை மண்ணில் பதித்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். அவசரப்படக் கூடாது. முட்டை உடைந்துவிடும்.

துழாவினாள். வேர். குளிர்ந்த சேறு. இன்னும் உள்ளே.

குரல் நின்றது.

ஏதோ தட்டுப்பட்டது. இறகு என்று நினைத்தாள். ஈரமாக, நீளமாக விரலில் சுற்றிக்கொண்டது. இறகு அவ்வளவு நீளம் இருக்காது.

பிறகு உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அவள் கையைத் தொட்டது. கட்டைவிரலை. அடுத்த விரலை. ஒவ்வொன்றாக, அழுத்தாமல், இது என்ன என்று பார்க்கிற மாதிரி.

"என்னடி சத்தத்தையே காணோம்? பறவை இருக்கா?" என்றது வயர்லெஸ்.

இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு ஆசை அவளுக்கு.

"பரா?" என்றாள் மண்ணிடம்.

உள்ளிருந்த விரல்கள் அவள் விரல்களுக்கிடையே கோத்துக்கொண்டன. வலிக்கவில்லை. இழுக்கவும் இல்லை. விடவும் இல்லை.

விடை கொடுக்கும் வார்த்தை அவளுக்குத் தெரியும். எத்தனையோ சாவில் கேட்டது. வாயைத் திறந்தாள். தம்பியைப் பார்த்து, 'போ' என்று சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்து வளையில் மண் சரிந்தது. அதற்கு அடுத்ததில். மேலே. கீழே. கன்னம் மண்ணில் பதிந்திருக்க, ஒற்றைக் கண்ணால் சரிவு முழுவதையும் அவள் பார்த்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.

ஒவ்வொரு வளையிலிருந்தும் ஒரு கை. தோள் வரைக்கும். கிழட்டுக் கைகள், பிள்ளைக் கைகள், எல்லாம் கடல்நீர் சொட்ட, நனைந்த புல்லில் துழாவிக்கொண்டிருந்தன. நிதானமாக. எதுவும் உடைந்துவிடாதபடி.