தொங்கும் பச்சை நூல்

"டேய், அந்தப் பச்சை நூலை எடுத்துட்டு வா!" தையல் மெஷினில் இருந்தபடியே அம்மா கூப்பிட்டார்.

"தைக்கிற நூலா, படிக்கிற நூலா?" என்றான் தம்பி.

"வாலு! சட்டையை வாங்க ஆள் வந்துடுவாங்கடா."

புத்தகத்துக்கும் நூல் என்று பெயர் உண்டு என வகுப்பில் படித்த நாள் முதல் அவனுக்கு இதே விளையாட்டு. நூலைக் கொடுக்கும் முன் அதில் கொஞ்சம் வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அம்மா பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார். நாங்கள் பள்ளிக்குக் கிளம்பினோம்.

பள்ளி நூலகத்தின் சுவரில் அவன் செய்த பலகை மாட்டியிருந்தது. இடது பக்கம் இருந்த பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை. வலது பக்கப் பொத்தான்கள் புத்தகங்கள். ஒரு புத்தகம் பிடித்திருந்தால், உங்கள் பொத்தானிலிருந்து அதற்கு ஒரு நூல் கட்டலாம். பிடிக்காததற்குக் கட்டக்கூடாது. பொய் நூல் ஆகாது என்பது தம்பியின் சட்டம்.

"அடுத்து என்ன படிக்கலாம்?" என்று யாராவது கேட்டால், அவர்களுக்குப் பிடித்த புத்தகத்தில் விரலை வைப்பான். அங்கிருந்து அதே புத்தகம் பிடித்த மற்றப் பிள்ளைகளிடம் போவான். அந்தப் பிள்ளைகளின் நூல்கள் வேறு எந்தப் புத்தகத்தில் அதிகமாகச் சேர்கின்றனவோ, அதை எடுத்துக் கொடுப்பான். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் நூல் மட்டும் அவன் கையில் எப்போதும் சிக்கிக்கொள்ளும். அதனால் எல்லோருக்கும் அவன் 'சிக்கு'.

அன்று அந்தப் பச்சை நூலைத் தன் பொத்தானிலிருந்து 'மண்ணுக்கு அடியில்' என்ற மண்புழுப் புத்தகத்துக்குக் கட்டினான். நீளம் கூடிப்போய் நூல் தொங்கியது.

"நாளைக்கு இழுத்துக் கட்டிடறேன்க்கா" என்றான்.

சாயங்காலம் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன தம்பி வீட்டுக்குத் திரும்பவில்லை.

மறுபடி நான் பள்ளிக்குப் போனபோது பலகை அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நான்தான் தொட்டேன். கேட்பவர்களுக்கு அவனைப் போலவே விரல் வைத்துப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கே விரலை வைத்தாலும் அது 'கடல் கொள்ளையர்' புத்தகத்திலேயே போய் நின்றது. அதைப் படித்தவர்கள் அதிகம். அதனால் நூலும் அதிகம். நூல் அதிகம் என்பதால் இன்னும் பலருக்கு அதையே கொடுத்தேன். அதன் பொத்தான் நூலுக்குள் புதைந்தே போனது. மற்றப் புத்தகங்கள் அலமாரியில் தூங்கின.

ஒரு நாள் நூலக டீச்சர் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார்.

"யாரும் எடுக்காத புத்தகத்தை எல்லாம் வெள்ளிக்கிழமை அனுப்பச் சொல்லிட்டாங்கம்மா. புதுசு வைக்க இடம் இல்ல" என்றார்.

முதலில் பெட்டிக்குள் போனது 'மண்ணுக்கு அடியில்'.

அந்தப் புத்தகம் போய்விட்டால், பச்சை நூலின் மறுமுனையில் என்ன இருக்கும்?

நானே எடுத்துப் படித்துப் பார்த்தேன். மண்புழுவின் படத்தைப் பார்த்ததுமே உடம்பு கூசியது. பொய் நூல் கட்ட மனம் வரவில்லை.

அடுத்துக் கேட்க வந்தவள் 'புயல்'. பந்தாட்டத்தில் அவளை யாராலும் பிடிக்க முடியாது. பலகையைப் பார்க்காமலே மண்புழுவை அவள் கையில் திணித்தேன். மணி அடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"நான் உனக்கு என்னடி பாவம் பண்ணினேன்? புழுவைக் கொடுத்திருக்க! சிக்கு இருந்தா இப்படிக் கொடுப்பானா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் சொன்னது உண்மைதான். தம்பி யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை 'கொட்டாவி' வந்தான். என்னைவிடச் சின்ன வகுப்பு. எதைப் படித்தாலும் கொட்டாவி விடுவான்.

"கொள்ளையரைத் தவிர எது இருந்தாலும் குடுங்கக்கா. அதை மூணு தடவை படிச்சாச்சு."

அவனுடைய பொத்தானைப் பார்த்தேன். இரண்டே நூல்கள். ஒன்று கொள்ளையருக்கு. அதில் விரலை வைத்தால் பள்ளியில் உள்ள எல்லோரிடமும் போனது. எல்லோரிடமும் போகும் நூல் இவனைப் பற்றி எனக்கு என்ன சொல்லும்?

"இந்த இன்னொரு நூல் என்னடா?"

"'கிணத்துக்குள்ள யாரு?' புத்தகம்க்கா. அது ஒண்ணு மட்டும் நல்லா இருந்துச்சு. வேற யாருக்கும் பிடிக்கல. சிக்கு அண்ணனுக்கு மட்டும் பிடிச்சுது."

அந்த மெல்லிய நூலில் விரலை வைத்தேன். அது கிணற்றுக்குப் போனது. கிணற்றிலிருந்து வேறொரு நூல் தம்பியின் பொத்தானுக்கு வந்தது. அங்கிருந்து பச்சை நூல் தொங்கிக்கொண்டே போய் மண்ணுக்கு அடியில் இறங்கியது.

பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். "கண்டிப்பா பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். படிச்சுட்டுச் சொல்லு. பிடிக்கலைன்னா நூல் கட்டாதே."

கொட்டாவி அட்டையைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் பெட்டியை ஒட்டப் பசை நாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தார். கொட்டாவி ஓடி வந்தான். நகத்துக்குள் எல்லாம் மண்.

"அக்கா! அதுக்குக் கண்ணே இல்ல! ஆனா வெளிச்சம் பட்டா தெரியுமாம்! நான் தோண்டிப் பார்த்தேன், எங்க அம்மா துரத்திட்டாங்க!"

"கொட்டாவி வரலையாடா?"

"மறந்துட்டேன்க்கா."

அவனே ஒரு சிவப்பு நூலைக் கட்டினான். டீச்சர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, அதிலிருந்த புத்தகங்களை மேசைமேல் அடுக்கினார்.

"இதுக்கெல்லாம் ஆள் தேடு. அடுத்த மாசம் வரைக்கும் நான் சமாளிச்சுக்கறேன்" என்றார்.

அதன் பிறகு யார் கேட்டாலும் இரண்டு புத்தகங்கள் கொடுத்தேன். நூல்கள் நிறையச் சேரும் இடத்திலிருந்து ஒன்று. அவர்களின் மெல்லிய நூல் போகும் வழியில் ஒன்று. புயல் இரண்டாவதைப் பல நாள் திருப்பிக் கொடுத்தாள். ஒரு நாள் கொடுக்கவில்லை.

"சிக்கு அண்ணன் நூல் தொங்குதே, இழுத்துக் கட்டட்டுமாக்கா?" என்று கொட்டாவி கேட்டான்.

"வேண்டாம்டா" என்றேன்.

பலகையில் எத்தனையோ பொத்தான்கள் மாறிவிட்டன. கொள்ளையரின் இடத்துக்கு வேறு புத்தகங்கள் வந்து போயின. பச்சை நூல் மட்டும் இன்னும் கொஞ்சம் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.