உதவினேன் என்று எழுதியவர்

செவ்வாயில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வேலை போகும் நாள். காலை ஆறு மணிக்குப் புதுக்குலசைக் குடியிருப்பில் வேலையில் இருந்த நானூற்றுப் பத்துப் பேருக்கும் வேலை போய்விடும். எட்டு மணிக்குள், முந்தின நாள்வரை செய்துகொண்டிருந்த அதே வேலைக்குப் புதிதாகத் தன்விவரம் எழுதி அனுப்ப வேண்டும். ஒன்பது மணிக்கு அதே வேலை திரும்பக் கிடைக்கும். வேலையில் உட்கார்ந்த மனிதன் தானாக எழுந்திருக்க மாட்டான் என்பது பூமியில் இருந்த தலைமையகத்தின் கருத்து. இடைப்பட்ட மூன்று மணி நேரம் குடியிருப்பில் யாருக்குமே வேலை கிடையாது. ஆனாலும் காற்று வந்துகொண்டிருக்கும், குழாயில் தண்ணீர் வரும், ஞானதிரவியம் கடையில் டீயும் கிடைக்கும். இது எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் விடிந்தது. என் கணவர் தவசிலிங்கம் சாப்பாட்டு மேசையில் எழுதுபலகையை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை பாசி உப்புமாவில் இருந்தது. அவர் தண்ணீர்க் கூடத்தில் இரண்டாம் உதவியாளர். பத்தொன்பது வருடமாக இரண்டாம் உதவியாளர். அவர் எழுதியதில் எழுத்துப்பிழை பார்ப்பது என் வழக்கம். அன்றும் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

"இதென்ன? 'மூன்றாம் கூடத்து வால்வைச் சரிசெய்ய உதவினேன்'. யாருக்கு உதவுனீய?"

"சீஃப்புக்குத்தான். அவருல்லா டார்ச் பிடிச்சாரு."

"அரமணி நேரம் டார்ச் பிடிச்சவரு செஞ்சவரு, பதினோரு மணி நேரம் குழாய்க்குள்ள கெடந்தவரு உதவுனவரா?"

"ஏட்டி, வெளிச்சம் இல்லாம வேல நடக்குமா? நான் செஞ்சேன்னு எழுதுனா அந்த மனுசன் என்ன நெனப்பாரு?"

"அவரு என்ன எழுதியிருப்பாரு தெரியுமா? 'தலைமையேற்றேன்'னு எழுதியிருப்பாரு."

"அது அவருக்கும் தேர்விக்கும் உள்ள விசயம். நமக்கென்ன?" என்று சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

தேர்வி என்பது எங்களுக்கு வேலை கொடுக்கும் பொறி. அது பூமியில் உருவானபோது மூன்று கோடிப் பழைய தன்விவரங்களைப் படிக்கக் கொடுத்தார்களாம். படித்து முடித்ததும் அதற்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்று கோடிப் பேரும் கடின உழைப்பாளிகள். மூன்று கோடிப் பேருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. அத்தனை பேரும் ஏதோ ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியிருந்தார்கள்; அந்தக் குழுக்களில் உறுப்பினராக இருந்தவர் ஒருவர்கூட அகப்படவில்லை. தேர்வி யாரையும் திட்டவில்லை. ஒரு கழிவை மட்டும் வைத்துக்கொண்டது. யார் என்ன எழுதினாலும் ஒரு படி கீழே இறக்கிப் படிக்கும். 'தலைமையேற்றேன்' என்றால் 'செய்தேன்'. 'செய்தேன்' என்றால் 'உதவினேன்'. 'உதவினேன்' என்றால் 'வேடிக்கை பார்த்தேன்'. புத்தகம் வாசிப்பதை மொத்தமாகவே தள்ளிவிடும்.

இது குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் ஒரு படி ஏற்றியே எழுதுவார்கள்; கணக்கு நேராகிவிடும். என் கணவர் ஒருவர்தான் ஏற்றவில்லை. ஏற்றாதது போக, ஒரு படி இறக்கியும் எழுதுவார். பதிவேட்டின்படி அவர் பத்தொன்பது வருடமாகத் தினமும் தண்ணீர்க் கூடத்துக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவர். அப்படியும் அவரை வேலையில் வைத்திருந்தார்கள் என்றால், ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு பார்வையாளர் தேவை என்று தேர்வி நினைத்திருக்க வேண்டும்.

குளியலுக்கு எங்களுக்கு மூன்று நிமிடத் தண்ணீர். அந்த மூன்று நிமிடத்தில் நான் 'உதவினேன்' என்பதை அழித்துவிட்டு 'செய்தேன்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். மத்தியானம் சாப்பிட வரும்போது சொல்லிக்கொள்ளலாம், கோபப்பட்டால் கோபப்படட்டும் என்று இருந்தேன். அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தார். பலகையைப் பார்த்து, "அனுப்பிட்டியா, நல்லது" என்றார். மிச்ச உப்புமாவைச் சாப்பிட்டார். "உப்பு கொறவு" என்றார். போனார்.

எட்டு இருபதுக்கு நடைபாதைத் திருப்பத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு சுவரில் ஓர் அறிவிப்பு வந்தது. பழைய வேலை ஆறு மணிக்கு முடிந்துவிட்டது. புதிய வேலை ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். எட்டு இருபதுக்கு இறந்தவர் வேலையில்லாதவராக இறந்தவர். வேலையில்லாதவரின் மனைவிக்குக் குடியிருப்பில் இடம் இல்லை. பதினாறாம் நாள் நான் என் சொந்தத் தன்விவரத்தோடு தேர்வியிடம் ஆஜராக வேண்டும். கழிவு போக 'உதவினேன்' என்ற படியாவது மிஞ்சினால் இருக்கலாம். 'வேடிக்கை பார்த்தேன்' என்று இறங்கினால் அடுத்த திரும்புகப்பலில் பூமிக்கு. காரிய நாளாகப் பார்த்துப் பதினாறாம் நாள் என்று எழுதியவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

எனக்குப் பூமியின் மேல் விரோதம் எதுவும் கிடையாது. ஆனால் புதுக்குலசையில் எதையும் வீணாக்குவதில்லை. இறந்தவர்களை வளர்கூடத்து மண்ணில் சேர்த்துவிடுவார்கள். அவரை, வால்வைச் சரிசெய்த அதே மூன்றாம் கூடத்தில், பதினேழாம் பாத்தியில் சேர்த்தார்கள். அது கத்தரிப் பாத்தி. அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. அதை அந்த நேரத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? தினமும் காலையில் போய்ப் பாத்தியோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். கப்பல் ஏறினால் அதுவும் இல்லை. ஏழு மாதப் பயணம். போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

பதினைந்தாம் நாள் ஞானதிரவியம் டீயோடு வந்தார். டீக்கடை அவருக்குப் பேருக்குத்தான். குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தன்விவரம் ஏற்றி எழுதிக் கொடுப்பவர் அவர். டீக்கடையையே 'பான வழங்கல் துறைத் தலைமை' என்று எழுதி வைத்திருப்பவர்.

"எங்க மைனி, எழுதுனத காட்டுங்க."

காட்டினேன். ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். 'பத்தொன்பது ஆண்டுகள் என் கணவரின் தன்விவரங்களைப் பிழையின்றி எழுத உதவினேன்.'

ஞானதிரவியம் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. புருசனும் பொண்டாட்டியும் ஒரே பள்ளிக்கூடமா? உதவினேன்னா வேடிக்கை பார்த்தேன்னு ஆயிரும். நாளைக்கே மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

"வேற என்ன செஞ்சேன் நான்?"

"சோறு பொங்குனீயளா?"

"பொங்குனேன்."

"உணவுத் திட்டத் தலைமை. வீடு தூத்தீயளா?"

"அத ரோபோ செய்யும்."

"அப்ப இயந்திர மேலாண்மை. அண்ணன்கிட்ட சண்ட போட்டிருக்கீயளா?"

"போடாம?"

"தொழிலாளர் பேச்சுவார்த்தை!" அவர் எழுதிக்கொண்டே போனார். "பயோடேட்டான்னா அப்பிடித்தான் மைனி. நம்ம கூச்சத்துக்கு அதுல எடம் கெடையாது. பொழுதுபோக்கு என்ன?"

"புத்தகம் படிப்பேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அத எழுதாதீங்க. நம்பாது."

அவர் எழுதிக் கொடுத்த தாளில் என்னைப் பார்த்தபோது, இப்படிப்பட்ட ஒரு பெண்ணோடு என்னால் ஒரு நாள்கூடக் குடும்பம் நடத்த முடியாது என்று தோன்றியது. ஆனாலும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பதினேழாம் பாத்தியை விட்டுவிட்டுப் போவதைவிடப் பொய் சொல்வது சுலபம்.

தேர்வியின் அறையில் ஒரு நாற்காலியும் ஒரு சுவரும்தான் இருக்கும். ஞானதிரவியம் வெளியே நின்றுகொண்டார். நான் பையைத் திறக்கும் முன்பே சுவர் பேசியது.

"முதலில் உங்கள் கணவருடைய கோப்பை முடித்துவிடலாம்."

எங்கள் எல்லாருக்கும் காதுக்குப் பின்னால், வாழ்வதையெல்லாம் பதிந்துவைக்கும் நினைவுமணி ஒன்று பதித்திருக்கும். உயிரோடு இருப்பவரின் மணியைத் திறக்கச் சட்டம் இடம் கொடுக்காது. இறந்த பிறகு ஒரே ஒரு முறை தேர்வி திறந்து, அவர் எழுதியதையும் வாழ்ந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கழிவு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

"தவசிலிங்கம் அனுப்பிய தன்விவரங்கள் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. அவற்றில் தொள்ளாயிரத்து எண்பத்தேழு பொய்."

"பொய்யா? அவரா?"

"உதவியதாக எழுதிய இடத்தில் எல்லாம் அவரே செய்திருக்கிறார். செய்யாததைச் செய்ததாகச் சொல்வது பொய் என்றால், செய்ததைச் செய்யாததாகச் சொல்வதும் பொய்தான். இந்தக் குடியிருப்பில் இதுவரை இறந்த இருபத்தாறு பேரில் இவரைப் போல் விடாமல் பொய் சொன்னவர் யாரும் இல்லை."

பதினாறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. தேர்வி காத்திருந்தது. அந்த மரியாதை அதற்கு உண்டு.

"கடைசித் தன்விவரம் மட்டும் உண்மை. ஒரு சொல்லில்கூடப் பிழை இல்லை. ஆனால் 'செய்தேன்' என்ற சொல் பதிவான நேரத்தில் அவர் குளித்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய நினைவு சொல்கிறது. பிறருடைய தன்விவரத்தை அவருக்குத் தெரியாமல் திருத்துவது குற்றம். திருத்தியவர் திரும்புகப்பலில் அனுப்பப்படுவார். அதைச் செய்தது யார்?"

எனக்குத் தெரியாது என்ற பதில் வாய் வரைக்கும் வந்தது. அவரே சொல்லித்தான் திருத்தினேன் என்றும் சொல்லியிருக்கலாம். மறுக்க அவர் இல்லை. ஆனால் அவரிடம் நான் கேட்காமல் செய்த கடைசிக் காரியம் அது. மத்தியானம் சொல்லலாம் என்று வைத்திருந்தது. அந்த மத்தியானம் வரவே இல்லை. செய்ததை எல்லாம் வேறு யாரோ செய்ததாக எழுதியே போய்ச் சேர்ந்தார் அவர். நான் செய்ததையாவது நான் செய்ததாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"நாந்தான் செஞ்சேன்."

சுவரில் என் பெயரில் ஒரு கோப்பு திறந்தது.

"'செய்தேன்' என்கிறீர்கள். சாட்சி இல்லாத கூற்று. வழக்கம்போல் ஒரு படி கழித்து, 'உதவினார்' என்று பதிகிறேன். திருத்த உதவியவருக்கு விதியில் தண்டனை இல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"தவிர, இந்தக் குடியிருப்பின் ஒரே உண்மையான தன்விவரம் உருவாக உதவியிருக்கிறீர்கள். இங்கே தங்க 'உதவினேன்' போதும். சரிபார்ப்பு உதவியாளர் வேலை உங்களுக்கு. வேறு தன்விவரம் ஏதும் கொண்டுவந்தீர்களா?"

பையின் வாயை மூடிக்கொண்டு, "இல்ல" என்றேன். அந்தப் பொய்யில் அது எதையும் கழிக்கவில்லை.

அன்றைக்கே அவருடைய பதிவைத் திருத்தி, தண்ணீர்க் கூடத்தின் தலைமைப் பொறியாளர் ஆக்கிவிட்டார்கள். உத்தரவைப் பதினேழாம் பாத்தியில், கத்தரிச் செடிகளுக்கு நடுவே ஒரு குச்சியில் செருகிவிட்டுப் போனது ஓர் இயந்திரக் கை. பத்தொன்பது வருடத்தில், தன் பெயருக்கு வந்த பெருமையை அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

விஷயம் பரவாமல் இருக்குமா? குறைத்து எழுதியவருக்கு உயர்வு என்று தெரிந்ததும், அடுத்த வெள்ளிக்கிழமை குடியிருப்பே பணிவாகிவிட்டது. தலைமையேற்றவர் ஒருவரும் இல்லை. டாக்டர் அறுவை சிகிச்சைக்கு உதவினார். விமானி விண்கலம் பறக்க உதவினார். ஞானதிரவியம் கடைப் பலகையை மாற்றி, 'இங்கு பணிவு எழுதித் தரப்படும்' என்று போட்டார். பிறகு என்னிடமே சந்தேகம் கேட்டு வந்தார்.

"மைனி, 'டீ போட உதவினேன்'னு எழுதியிருக்கேன். யாருக்குன்னு கேட்டா என்ன சொல்ல?"

"தண்ணிக்குன்னு சொல்லுங்க."

டார்ச் பிடித்த சீஃப் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, 'வேடிக்கை பார்த்தேன்' என்று எழுதினார். தேர்வியும் சும்மா இருக்கவில்லை. மனிதர்கள் இப்போது குறைத்து எழுதுகிறார்கள் என்று கண்டுகொண்டு, கழிப்பதை நிறுத்திவிட்டு ஒரு படி கூட்டத் தொடங்கியது. சீஃப்பின் கணக்கில் 'உதவினார்' என்று பதிவானது. உண்மையும் பதிவேடும் அவர் விஷயத்தில் சந்தித்துக்கொண்டது அன்றுதான்.

நானும் வெள்ளிக்கிழமைதோறும் எழுதுகிறேன். போன வாரம் முந்நூற்றுப் பன்னிரண்டு தன்விவரங்களைத் தனியாக உட்கார்ந்து சரிபார்த்தேன். 'சரிபார்த்தேன்' என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு விரல் தானாகப் போய் அதை அழித்தது. 'சரிபார்க்க உதவினேன்.' தோளுக்குப் பின்னால் நின்று கேட்க யாரும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் கூடத்து வால்வைச் சரிசெய்ய உதவியவர்கள் என்று பதிவேட்டில் இப்போது நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் அந்தச் சமயம் புதுக்குலசைக்கு வந்து சேரவே இல்லை. எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பதுதான் என் வேலை, படிக்கிறேன்.

வால்வு ஒழுகவில்லை. காலை ஆறு பத்துக்குப் பதினேழாம் பாத்திக்குத் தண்ணீர் வருகிறது.