தலைக்கு மேலே இரண்டு மைக்

செல்போன் அலறியது.

வெள்ளிக்கிழமை இரவு. நெடுந்தீவில், ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் பந்தலுக்குள் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த துவாரகன் திரையைப் பார்த்தான்.

மாக்கிறேற் அக்கா. ஊர்காவற்றுறையில் அவன் ஸ்டூடியோ நடத்தும் வீட்டின் சொந்தக்காரி.

உடனே எடுக்கவில்லை. நன்றாக அடிக்கட்டும் என்று விட்டான். மடியில் கனமில்லாதவன் அப்படித்தானே செய்வான்?

"சொல்லுங்கோ அக்கா."

"தம்பி... உம்மட ட்ரம்ஸ் அடிக்கிற பெடியன்... வசீகரன்..." அவளுக்கு மூச்சு முட்டியது. "அறைக்குள்ள லைற் எரிஞ்சுது எண்டு எட்டிப் பாத்தனான். மண்டை பிளந்து கிடக்கிறான் தம்பி. மேல தூக்கி வைச்ச மைக் ஸ்டாண்ட் அவனுக்கு மேல விழுந்து கிடக்கு. எறும்பு மொய்ச்சுப் போச்சு..."

துவாரகன் கதறினான்.

அருமையான கதறல்! பந்தலில் நின்றவர்கள் ஓடிவந்து தாங்கினார்கள். ஒருத்தி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவன் அதை நாலு தரம் பழகியிருந்தான் என்பது அந்த அப்பாவிகளுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஒளிப்பானேன்? கொன்றவன் அவனேதான்.

ரொறன்ரோவில் ஒரு பெரிய மேடைக் கச்சேரி. யாழ்ப்பாணத்திலிருந்து இன்னும் ஒரேயொருவரை மட்டும் அழைக்கலாம் என்றார்கள். ட்ரம்ஸ் அடிக்க வசீகரனைக் கேட்டார்கள். 'அவர் வராட்டில் சவுண்டுக்கு நீர் வாரும்' என்று துவாரகனிடம் சொன்னார்கள்.

அந்த 'வராட்டில்'தான் வசீகரனுக்கு எமன்.

அன்று காலை, அதாவது பெரிய வெள்ளிக் காலை. ட்ரம்ஸுக்கு மேலே இரண்டு மைக் தொங்கின. நடு ட்ரம்மிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சத்தம் கலங்கிப்போகும். அதை நூல் பிடித்துத்தான் அளப்பார்கள்.

"நூல் நுனியை ட்ரம்மில வைச்சு அமத்து மச்சான்," என்றான் துவாரகன்.

வசீகரன் குனிந்து அமத்தினான். நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்கிறவன். ஸ்டாண்டின் பின்பக்கத்தில் சமநிலைக்குக் கட்டும் இரும்புப் பாரம் அவன் பிடரியில் இறங்கியது. அவன் திரும்பி, "ஏன் மச்சான்?" என்று கேட்டான். பதில் சொல்லத் துவாரகனுக்குப் பொறுமை இல்லை. இன்னும் இரண்டு அடி போட்டான். நூல் மட்டும் செத்தவனின் விரலில் சுற்றியபடி இருந்தது.

பாரத்தைத் திரும்பக் கட்டி, ஸ்டாண்டைச் சரித்து அவன்மேல் போட்டுவிட்டு, கை கழுவி, தலை சீவி, நெடுந்தீவுப் படகு பிடிக்கும் குறிகட்டுவானுக்கு மோட்டார்சைக்கிளை முறுக்கினான்.

இப்போது சனிக்கிழமை. காலைப் படகில் வந்து இறங்கிய அவனைப் பொலிஸ் ஜீப் நேரே ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தது. உடலை எடுத்துவிட்டார்கள். இரத்தத்தை எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜொய்சி கதிரையில் சாய்ந்திருந்தாள். நாற்பது வயது. அந்த முகத்தில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. கதவடியில் மாக்கிறேற் அக்கா, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

"ஸ்டாண்ட் விழுந்துதான் செத்தவர் எண்டு நினைக்கிறீரோ தம்பி?"

"வேற என்ன மிஸ்? அந்தப் பாரம் தலையில விழுந்தால்..."

"ஸ்டாண்ட் ஒருக்கால் விழும். மூண்டு தரம் எழும்பி எழும்பி விழாது."

பயலுக்கு இதற்கும் ஏற்பாடு இருந்தது.

"அப்ப... கொலையோ மிஸ்? ஆர் செய்திருப்பினம்?"

"நீர்தான் எண்டு நினைச்சன்," என்றாள் அவள், தேத்தண்ணிக்குச் சீனி கேட்கும் குரலில். "அவர் செத்தால் கனடா உமக்குத்தானாம்."

"ஐயோ மிஸ்... நான் நேற்றுக் காலமை மைக்கைப் பூட்டிக் குடுத்திட்டு வெளிக்கிட்டனான். அவன் தனிய அடிச்சுப் பதியிறன் எண்டவன். மத்தியானம் நான் குறிகட்டுவானில தேத்தண்ணிக் கடையில இருந்தனான். கேட்டுப் பாருங்கோ."

"கேட்டாச்சு. இருந்தனீர். அதுதான் எனக்குக் கரைச்சல். காலமையும் செத்திருக்கலாம், மத்தியானமும் செத்திருக்கலாம் எண்டுறார் டாக்குத்தர். காலமையெண்டால் நீர். மத்தியானமெண்டால் நீர் இல்லை."

"மத்தியானம் அவன் உயிரோட இருந்தவன் மிஸ்!" துவாரகன் பாய்ந்தான். "அவன் பதிஞ்சது கம்ப்யூட்டரில இருக்கும். போட்டுக் காட்டட்டோ?"

"போடும்."

பொத்தானை அழுத்தினான்.

முதலில் அறையின் மௌனம். பிறகு கதிரை கிறீச்சிடும் சத்தம். பிறகு தூரத்தில்... டாண்... டாண்... டாண்... மாதா கோயிலின் மத்தியான மணி. அதற்குள்ளே செத்தவனின் குரல், சிரித்துக்கொண்டு. "பொறுப்பம். மணி முடியட்டும்."

மணி முடிந்தது. ட்ரம்ஸ் இடித்தது.

மாக்கிறேற் அக்கா வெடுக்கென்று நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். ஜொய்சி கண்ணாலேயே அவளை அடக்கினாள். பாவம், மனிசி அழப்போகிறாள் என்று நினைத்தான் துவாரகன்.

"சத்தமெல்லாம் வடிவா விழுந்திருக்குத் தம்பி. இதென்ன மைக்?"

சிலரிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால் போதும், தூக்குமேடையிலும் நின்று பிரசங்கம் வைப்பார்கள்.

"ட்ரம்ஸுக்கு மேல தூக்கிற மைக்கைச் சரியாத் தெரிவு செய்தால் பாதி வேலை முடிஞ்சுது மிஸ். ஒருவகை, நேர முன்னால இருக்கிறதைத்தான் கேக்கும். இன்னொண்டு முன்னாலயும் பின்னாலயும் கேக்கும். மூண்டாவது சுத்திவர எல்லாத்தையும் கேக்கும். நான் மூண்டாவதைப் போட்டனான்."

"யாழ்ப்பாணத்தில ஒரு ஸ்டூடியோக்காரருக்கு போன் எடுத்தனான். இப்பிடி எதிரொலிக்கிற ஓட்டுவீட்டுக்கு முதலாவதைத்தான் போடுவினம் எண்டார்."

ஒரு கணம் திடுக்கிட்டான். சமாளித்தான்.

"அது சும்மா ஆக்களுக்கு மிஸ். இந்த மைக்கில அறையும் சேந்து விழும். எல்லாம் உயிரோட இருக்கும்."

"ஆளைத் தவிர," என்றாள் ஜொய்சி.

உண்மைக் காரணம் எது? அந்த மணிதான். முதலாவது வகை மைக் மணியைச் சரியாகப் பிடிக்காது. கம்ப்யூட்டரில் திகதியை வெள்ளிக்கு மாற்றிவிட்டு, புதன்கிழமை மத்தியானமே வசீகரனை அடிக்கவைத்துப் பதிந்திருந்தான் துவாரகன். திகதியை நம்பாவிட்டாலும் கோயில் மணியை யார் நம்பாமல் விடுவார்கள்? சரவணை ஊரிலிருந்து வந்து இந்த வீட்டை எடுத்த ஏழு மாதமாக, அது ஒரு நாள் தவறியதைக் கண்டதில்லை அவன்.

"வேற நாள் பிடிச்சதாய் இருக்குமோ?"

"சான்ஸே இல்லை மிஸ். இந்த ரெண்டு மைக்கையும் வெள்ளிக்கிழமை காலமைதான் பெட்டியால எடுத்தனான்."

"மணியை ஆரும் பிறகு ஒட்டியிருந்தால்?"

"ஏலாது. அவன்ர குரலும் மணியும் ஒண்டாக் கிடக்கு. ஒரே மூச்சில பிடிச்சது. ஆரைக் கொண்டும் பாக்கலாம்."

"பாத்தாச்சு. அந்த ஸ்டூடியோக்காரருக்கு அனுப்பிக் கேட்டனான், அவரும் அப்பிடித்தான் சொன்னார். அப்ப இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வையும். பிறகு நான் ஏன் உம்மட பயணத்தை மறிக்கப்போறன்?"

துவாரகனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதினான். அழகாகக் கையெழுத்தும் வைத்தான். ரொறன்ரோவில் பனி கொட்டுவதுகூடத் தெரிந்தது அவனுக்கு!

ஜொய்சி தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். எழும்பவில்லை. யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். துவாரகனும் மரியாதைக்கு இருந்தான்.

கடைசியில் கேட்டாள். "நேரம் என்ன தம்பி?"

"பன்னிரண்டு தாண்டிட்டுது மிஸ்."

"மணி கேட்டதோ?"

"என்ன மிஸ்?"

"கோயில் மணி. காதை வைச்சுப் பிழைக்கிற ஆள் நீர். இப்ப கேட்டதோ எண்டு கேக்கிறன்."

துவாரகன் காதைக் கொடுத்தான். யன்னலுக்கு வெளியே ஒரு காகம் கத்தியது. அதைத் தவிர ஊரே ஊமையாகக் கிடந்தது.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. இவ்வளவு நேரமும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனீங்கள்."

மாக்கிறேற் அக்கா ஓரடி முன்னே வந்தாள். அழுகை எங்கே போனதோ.

"பெரிய வியாழன் பின்னேரப் பூசையோட மணியைக் கட்டிப்போடுவினம் தம்பி. ஆண்டவர் செத்துக் கிடக்கிற நாளில மணி அடியாது. மரக்கட்டைதான் தட்டுறது. இண்டைக்கு இரவுப் பூசைக்குத்தான் திரும்ப அடிக்கும். வெள்ளிக்கிழமை நீர் எந்தக் கோயில் மணியைக் கேட்டனீர்?"

துவாரகன் சட்டென்று பல்டி அடித்தான்.

"அது... அது வேற நாள் பிடிச்சதாக்கும் மிஸ். நான் மாறிச் சொல்லிப்போட்டன்..."

"அப்ப கம்ப்யூட்டரில வெள்ளி எண்டு திகதியை மாத்தினது ஆர்? வெள்ளி காலமைதான் மைக்கைப் பெட்டியால எடுத்தன் எண்டு எழுதித் தந்தது ஆர்?" ஜொய்சி சட்டைப் பையைத் தட்டினாள். "நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு வடிவா உம்மை மாட்டியிருக்க மாட்டன்."

துவாரகன் கதவைப் பார்த்தான். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள். வசீகரன் விழுந்த அதே இடத்தில் குந்தினான். இந்தத் தடவை கதறல் வரவில்லை. சும்மா மூக்கு மட்டும் ஒழுகியது.

"நான் சைவக்காரன்... மணி அடியாது எண்டு எனக்கு ஆருமே சொல்லேல்லை மிஸ்..."

விலங்கு பூட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் ஜொய்சி தொப்பியைத் தலையில் வைத்தாள்.

"கொலை செய்ய முதல் எங்கட பங்குச் சுவாமியை ஒருக்கால் கேட்டிருக்கலாமே தம்பி. நல்ல மனிசன். தேத்தண்ணியும் தந்து விளக்கமாச் சொல்லியிருப்பார்."