நியான் மீன்கள் விட்ட இடம்

மீன்கள் தீனிக்கு வரவில்லை.

பழமலைநாதன் தூவிய தீனி நீரில் ஊறி, மெல்ல இறங்கி, தொட்டியின் அடியில் படிந்தது. விரல் நுனி அளவுள்ள நியான் மீன்கள் எல்லாம் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே பக்கம் பார்த்து நின்றன.

“மந்தைப் புத்தி” என்றார், காறித் துப்பாத குறையாக.

கூட்டமாக அசைகிற எதுவும் அவருக்கு ஆகாது. விருத்தாசலம் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். சங்கு ஊதினால் சேர்ந்து எழுந்து, சேர்ந்தே டீ குடித்து, சேர்ந்தே திரும்பும் அந்த ஜனங்களைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். மகள் பூர்ணிமா அழுது அடம்பிடித்ததால் மட்டுமே மீன் வாங்கினார். “பயந்தா ஒட்டி நிக்கும் சார், பயம் போனா பிரிஞ்சு திரியும்” என்று கடைக்காரன் சொன்னபோது, இத்துனூண்டு மீனுக்கு மனசு ஒரு கேடா என்று சிரித்தார்.

தொட்டியின் நடுவில், நேற்று அவர் வைத்த பெண் பொம்மை. சூளையில் வெந்து வாய் கோணிப்போனது. கோணிய பொம்மையின் மூஞ்சியை உடைத்துத்தான் குப்பையில் போடுவார்கள். முகத்தோடு வெளியே போனால் கூடவே ஏதோ வரும் என்று கம்பெனியில் ஒரு பயம். அந்தப் பயத்தைக் கேவலப்படுத்தவே முழுசாக எடுத்து வந்தார்.

“ஒடைக்காமயா எடுத்தாந்தீங்க?” பூர்ணிமாவோடு அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பிய மனைவி வேல்விழி வாசற்படியிலேயே நின்றாள். கல்யாணத்துக்கு முன் அங்கே பொம்மைக்கு வர்ணம் அடித்தவள். “புள்ள இருக்குற வூடுங்க இது.”

“ஒங்க கும்பலு பேச்ச என்கிட்ட பேசாத” என்றபடி பொம்மையை வெளியே எடுத்து, தரையில் போட்டு உடைத்தார். “போச்சா? இப்ப நிம்மதியா?”

கரண்ட் போனது. காற்று மோட்டாரின் இரைச்சல் அடங்கியதும், ஜன்னல் வழியே வந்த அந்தி வெளிச்சத்தில் தொட்டி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சுட்ட மண் வாடை அடித்தது. மீன்கள் மூலையை விட்டு நகர்ந்தன. வரிசையாகக் கண்ணாடியை ஒட்டியே போய், பொம்மை இருந்த இடத்தை மட்டும் சுற்றி வளைந்து, மறுபடி ஒன்றாயின. அங்கே ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர்.

அவர் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார். மீனைப் பார்த்துப் பயப்படுவதா? அந்த வெட்கமே அவரைப் பிடித்துத் தள்ளியது.

“வேணாங்க” என்றாள் வேல்விழி.

முழங்கை வரை கையை விட்டார். ஓரத்தில் தண்ணீர் சில்லென்றிருந்தது. நடுவில் கொதித்தது. சூளைச் சுவரைத் தொட்டதுபோல. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மீன்கள் பிரிந்தன.

ஒன்று மேலே. ஒன்று கீழே. ஒன்று தீனியைக் கொத்தியது. ஆளுக்கொரு திசை. நிதானமாக.

“பாத்தியாடி! பயம் போயிடுச்சு!” சிரித்துக்கொண்டே திரும்பினார்.

வேல்விழியும் பூர்ணிமாவும் சுவர் மூலையில் இருந்தார்கள். ஒட்டிக்கொண்டு. ஒரே பக்கம் பார்த்து. அவரையல்ல, அவர் தோளுக்குப் பின்னால்.

அவர் வலப்பக்கம் ஓரடி வைத்தார். இருவரும் ஒன்றாக எதிர்ப்பக்கம் விலகினார்கள்.

“பூர்ணிமா?”

பிடரியில் அனல் அடித்தது. பிறகு அடங்கியது.

நான்கு கண்களும் ஒரே நேரத்தில் அவர் தோளிலிருந்து நகர்ந்து, மெதுவாக, அவர் முகத்துக்கு வந்து நின்றன. அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணத் தொடங்கியிருந்தது.