முழுவதும் படித்தேன்

புத்தகத்தில் நாலு தாள்தான் பாக்கி இருந்தது. நேற்றும் நாலு தாள்தான் பாக்கி இருந்தது.

இசபெல்லா அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் பிரின்ஸி ஒரு நாளைக்கு ஒரு நாவலை விழுங்கி ஏப்பம் விடுகிற பிள்ளை. அவளே பதினோரு நாளாக ஒரே புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறாள் என்றால் அது எவ்வளவு அறுவையாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை. ஜன்னலுக்கு வெளியே நாயுடுபுரத்துச் சரிவில் பாதி வீடுகளை மூடுபனி மறைத்திருந்தது. பிரின்ஸி நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் தாள் புரளும் சத்தம் மட்டும் சரக், சரக் என்று கேட்டது.

இந்த மாதிரிப் புத்தகங்களைக் கண்டாலே இசபெல்லாவுக்கு இளக்காரம். இளசுகளுக்கு எழுதுகிறேன் பேர்வழி என்று கிளம்பிய கூட்டம். அட்டையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அப்பா அம்மா செத்திருப்பார்கள். சாகவில்லையென்றால் மக்குகளாக இருப்பார்கள். மர்மக் கதை என்றால் போலீஸுக்குத் தெரியாததை நாலு வாண்டுகள் கண்டுபிடித்துக் கிழிக்கும். மாயக் கதை என்றால் ஒரு கதவு, ஒரு மோதிரம், ஏழு பாகம். நிஜ வாழ்க்கைக் கதை என்றால் இருநூறு பக்கம் அழுகை, கடைசியில் ஒரு மழை. இந்தக் குப்பைக்கு ஒரு அலமாரி, அலமாரிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு டீச்சர். அந்த டீச்சர் தானே என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். பதினெட்டு வருஷமாக அவள் ஒரு மிஷன் பள்ளியில் லைப்ரரி டீச்சராக இருக்கிறாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். எந்த நாவலாக இருந்தாலும் டீச்சர் ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். படித்த பிறகு பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டிய சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் அது பிள்ளைகள் கைக்குப் போகும். சீட்டில் இரண்டே வரி. 'முழுவதும் படித்தேன். பிள்ளைகள் படிக்கலாம்.' எந்தக் காலத்திலோ ஒரு சிஸ்டர் தொடங்கி வைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இசபெல்லா முழுதாகப் படித்தாள். பிறகு பாதி படித்தாள். பிறகு அட்டையைப் படித்தாள். போன மாதம் பெருமாள்மலைப் பக்கம் யாரோ பங்களாவைக் காலி செய்து இரண்டு பெட்டி நாவல்களைப் பள்ளிக்குத் தள்ளிவிட்டபோது அட்டையைக்கூடப் படிக்கவில்லை. ஒரே மத்தியானத்தில், ஒரு கையில் டீயும் மறு கையில் பேனாவுமாக, அறுபத்து நாலு சீட்டிலும் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினாள்.

சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த பியூன் அடைக்கலம் பசைக் கையைத் துடைத்தபடி கேட்டார்.

"இம்புட்டையும் படிச்சிட்டீங்களா டீச்சர்?"

"ஒண்ணைப் படிச்சா எல்லாத்தையும் படிச்ச மாதிரிதான். நீங்க உங்க சோலியப் பாருங்க."

அந்தப் பெட்டியில் வந்த ஒன்றுதான் இப்போது பிரின்ஸி கையில் இருந்தது.

மத்தியானம் சோறு போட்டபோதும் அது தட்டுக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. புருஷன் சைமன் வீட்டில் இருந்தால் மகளுக்கு ஒரு அதட்டல் விழுந்திருக்கும். அவன் பூண்டியில் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தான். நாளைக்குத்தான் வருவான்.

"அப்படி என்னதான்டி கெடக்கு அதுல?" என்றாள் இசபெல்லா.

"மொதல்ல மர்மக் கதையாத்தான் போச்சும்மா. ஹாஸ்டல்ல ஒரு பொண்ணைக் காணோம். அவ ஃப்ரெண்டு தேடுறா. அப்பறம் மேஜிக் வந்துச்சு. காணாமப் போனவ ஒரு புக்குக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கா."

"வேற எங்க இருப்பா. அப்பறம்?"

"இப்ப ஒண்ணும் நடக்கல. சும்மா ஒரு வீடு, சமையல், பனி. நெசமா இருக்கு." பிரின்ஸி தலையை நிமிர்த்தாமலே பேசினாள். "நீங்கதான் படிச்சிருக்கீங்களே. பின்னாடி உங்க கையெழுத்து இருக்கு."

இசபெல்லாவின் கையில் ரசக் கரண்டி ஒரு கணம் நின்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் ஹோம்வொர்க் விஷயத்தில் பொய் சொன்னாள் என்று இதே பிள்ளையை முட்டி போட வைத்திருந்தாள். பதின்மூன்று வயது மகளிடம் போய், நானும் பொய்தான் எழுதுகிறேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று எந்தத் தாய் சொல்லுவாள்.

"ஆமா. படிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான். வெரசாச் சாப்பிடு, ஆறிப்போகுது."

"அப்ப சரி." பிரின்ஸியின் விரல் பக்கத்தில் ஒரு வரியைத் தடவியது. "அந்தப் பொண்ணு அதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. முழுசாப் படிச்சவங்க ஒருத்தராவது இருந்தா அவ வெளிய வந்துரலாமாம்."

"வந்து என்ன செய்யப் போறாளாம்?"

இசபெல்லா ரசத்தை ஊற்றினாள். பிரின்ஸியின் தலை மெதுவாக, தூக்கத்தில் சாய்வது போலப் புத்தகத்தின் மேல் தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்தது. அவள் தட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மேலே எரிகிற பல்பைப் பார்த்தாள். புதுவீட்டுக்கு வந்த விருந்தாளி பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்னடி முழிக்கிற?"

"ஒண்ணுமில்ல," என்றாள். சோற்றைத் தொடாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

கொழுப்பு என்று நினைத்தாள் இசபெல்லா. இந்தப் புத்தகங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே அதைத்தான். பெற்றவளை மதிக்காதே, சோற்றைத் தள்ளு, ஜன்னலோரம் சோகமாக உட்கார். முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். குளிர்ந்த தண்ணீரில் விரல்கள் மரத்தன. பின்கட்டில் வெந்நீர் பாய்லருக்குள் யூக்காலிப்டஸ் விறகு வெடித்து, காரமான புகை கதவிடுக்கு வழியாகச் சமையலறைக்குள் ஊர்ந்து வந்தது. கூரைத் தகரத்தில் பனி சொட்டாகி விழுந்துகொண்டிருந்தது. அத்தனை சத்தத்துக்கும் நடுவில், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, ஒரே சீராக, சரக், சரக் என்று தாள் புரண்டுகொண்டிருந்தது.

சும்மா எண்ண ஆரம்பித்தாள். கடைசிக் கரண்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது அறுபது தாண்டிவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். பிரின்ஸி கட்டிலில் முதுகை நேராக வைத்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். வலது பக்கம் நாலு தாள்.

"இங்க கொடு, பாப்போம்."

உடனே கொடுத்தாள். இசபெல்லா நின்றவாறே அந்தப் பக்கத்தைப் படிக்கப் பார்த்தாள். எளிய இங்கிலீஷ்தான், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற இங்கிலீஷ். ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்தது. ஆனால் வரி முடியும்போது ஒன்றும் மனசில் தங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பத்தியின் தலையைப் பார்த்ததும் கண் தானாக வாலுக்குத் தாவியது. இத்தனை வருஷம் தாண்டித் தாண்டியே பழகிய கண்ணுக்கு நின்று படிக்க மறந்துபோயிருந்தது. மூன்றாம் தரம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மகள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"குப்பை," என்று சொல்லி, புத்தகத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அது ஒத்தடத் துணி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது என்பது கூடத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஐந்து மணிக்கெல்லாம் மூடுபனி ஜன்னல் கண்ணாடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. எதிர் வீட்டு நாயின் குரைப்பு எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. சைமனுக்குப் போன் போட்டாள். மலையில் இந்த நேரத்தில் என்றைக்கு லைன் கிடைத்திருக்கிறது. பொழுது இருட்டி, மூலையில் வைத்த மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை எடுத்து வைக்கும்போதே கரண்ட் போனது.

இருட்டு.

சரக்.

இசபெல்லா தீக்குச்சியைக் கிழிக்காமல் நின்றாள். வெளிச்சம் இல்லை. இருந்தாலும் தாள் புரள்கிறது.

சரக்.

மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். சீ, என்ன இது, நாலு காசு பெறாத புத்தகத்துக்குப் போய்ப் பயப்படுவதா, என்று தன்னையே திட்டிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

பிரின்ஸி அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் கட்டில் விளிம்பில் இருந்தன. மடியில் விரிந்திருந்த புத்தகத்தில் அவள் விரல்கூடப் படவில்லை. தாள் தானாக எழுந்தது. நின்றது. மறுபக்கம் விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ தள்ளுவது போல அடுத்த தாளின் நடுப்பகுதி உப்பியது.

இசபெல்லா கத்தவில்லை. எட்டிப் பிடுங்கினாள். மெழுகுவர்த்தி கீழே விழுந்து அணைந்தது. கையில் புத்தகம் துடித்தது. பின்கட்டுக்கு ஓடினாள். பாய்லரின் இரும்புக் கதவைத் துணிகூட இல்லாமல் திறந்தாள். உள்ளே எறிந்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளங்கை பொத்துப்போனது.

"போ," என்றாள். "போய்த் தொலை."

அப்பாடா என்று இருந்தது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பள்ளியில் கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெட்டியில் வந்த மிச்சத்தையும் திங்கட்கிழமை வெள்ளனே போய் அள்ளி எடுத்துவந்து இதே அடுப்பில் போட வேண்டும். இனிமேல் பிள்ளை சாப்பிடும், தூங்கும்.

பிரின்ஸி சமையலறை வாசலில் வந்து நின்றாள். பாய்லர் இடுக்கிலிருந்து விழுந்த சிவப்பு வெளிச்சம் அவள் முட்டிவரைதான் எட்டியது.

"எரிச்சிட்டீங்களா டீச்சர்?"

பிரின்ஸி பள்ளியில்கூட அவளை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அதற்காக மற்ற டீச்சர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

"நீ யாரு?" என்றாள் இசபெல்லா.

"நீங்க படிச்ச கதைதான். முழுசாப் படிச்சேன்னு சொன்னீங்கள்ல. ரொம்ப வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் சொல்லல."

"படிக்கல. நான் படிக்கவே இல்ல. பொய் சொன்னேன்." பதினெட்டு வருஷத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒரு பக்கம்கூடப் படிக்கல. எம்பிள்ள எங்க?"

மகளின் முகம் அவளைப் பார்த்தது. அதில் கோபம் இல்லை. இளக்காரம்தான் இருந்தது. குப்பையைப் பார்க்கிற பார்வை.

"நான் வெளிய வந்தா இன்னொருத்தி உள்ள போகணும்ல," என்றது. "அதுவும் அதுலதான் எழுதியிருக்கு. நூத்திப்பத்தாம் பக்கம்."

பாய்லருக்குள் சரக் என்றது.

அப்புறம், இரும்புக்குப் பின்னாலிருந்து, ரொம்பச் சின்னதாக, "ம்மா."

இசபெல்லா கதவைப் பிடுங்கித் திறந்தாள். கையை உள்ளே விட்டாள். வலி தெரியவில்லை. விறகைத் தள்ளினாள். புத்தகத்தைப் பிடித்தாள். இழுத்தாள். தரையில் வைத்தாள். அட்டை இல்லை. கையெழுத்துச் சீட்டு இல்லை. முன் பாதி சாம்பலாக உதிர்ந்தது. பின்னால் நாலு தாள் மட்டும், ஒன்றின்மேல் ஒன்றாக, கருகிச் சுருண்டு, உருக்குலையாமல் இருந்தது.

கரித்தாளில் அச்செழுத்து ஈயம் மாதிரிப் பளபளத்தது. அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். இப்போது கண் தாவவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இங்கிலீஷ் புத்தகத்தில், அதே அச்சில், தமிழ். பிரின்ஸி பேசுகிற தமிழ்.

'ம்மா இங்க பயங்கரமாச் சுடுது. ம்மா நான் கடைசிப் பக்கத்துகிட்ட ஓடி வந்துட்டேன். கதவு திறந்த சத்தம் கேட்டுச்சு. நீங்கதானம்மா. நீங்க படிக்கிறது எனக்குத் தெரியுது. நிறுத்தாதீங்கம்மா. நீங்க படிக்கிற வரைக்கும் நான்'

பக்கம் அங்கே முடிந்தது.

மீதி அடுத்த தாளில் இருந்தது. இசபெல்லா விரலை நீட்டினாள். நுனி பட்டதும் ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு பொடியாகி விழுந்தது. தாளுக்குள்ளேயிருந்து ஒரு குரல் வீறிட்டது. விரலை எடுத்துக்கொண்டாள். புரட்ட முடியாது. புரட்டாமல் படிக்க முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்த கண்ணீர் சொட்டிவிடாமல் முகத்தை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு, படித்த பக்கத்தையே மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். நிறுத்தாமல் படித்தாள்.

வெறுங்கால்கள் பின்கட்டுத் தரையில் நடந்து வந்தன. பக்கத்தில் மகளின் உடம்பு மண்டியிட்டது. மகளின் தலைமுடி அவள் காதில் உரசியது.

"முடிவு என்னன்னு நான் சொல்லட்டுமா டீச்சர்?"

இசபெல்லாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து, அந்த நாலு கரித்தாள்களுக்கு நேராக, மெல்ல உதட்டைக் குவித்தாள்.