பக்கத்து இருக்கையின் பெல்ட்

ஷெட்டுக்குள் ரப்பரும் ஈரத்துணியும் கலந்த வாடை. நடுவில் அந்தப் பழைய மின்சாரக் கார் நின்றது. அக்காவுக்கு அதன்மேல் ஆசையெல்லாம் இல்லை. ஆசை, பயம், அழுகை எல்லாமே தம்பியின் சிறுநீரகம் கைவிட்ட வருடமே மரத்துப்போய்விட்டன. வாரம் மூன்று நாள் அவனை ஆற்றுக்கு அக்கரையில் டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவழியில் நிற்காத வண்டி வேண்டும், அவ்வளவுதான்.

கூட வந்த மெக்கானிக், சுழி பார்த்து மாடு வாங்குகிறவரைப் போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேட்டரி சோதிக்கும் கருவியைச் செருகிப் பார்த்தார்.

"பேட்டரி நூத்துக்குத் தொண்ணூறு இருக்கும்மா. பழசுல இதைவிட நல்லது கிடைக்காது. நம்பி வாங்கலாம்."

விற்கிற பெரியவர் தயங்கினார். "ஒரு குறை இருக்கு. முன்சீட்ல என் பக்கத்துல எம் பொண்ணு உக்காந்து வருவா. இப்ப ஆள் இல்லன்னாலும் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்குது. ஆத்துப் பாலம் வந்தா தானா நின்னுடும். அடிச்சா அடிக்கட்டும், விட்டுடுங்க."

பொண்ணு இப்போது எங்கே என்று அக்கா கேட்கவில்லை.

"சென்சார் கோளாறு. இதுக்குப் போய்..." மெக்கானிக் சிரித்தார். தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி அடங்கியது. "இதை மட்டும் கழட்டாதீங்க."

முதல் பயணம். சார்ஜ் எண்பது இருந்தது. பாலத்தின் நடுவில் வண்டி மெல்லத் தவழ்ந்து நின்றது.

சார்ஜ் பூஜ்யம்.

"அக்கா... மூச்சு வாங்குது" என்றான் பின்சீட்டில் இருந்த தம்பி.

அரைமணி நேரம் எதுவும் உயிர்பெறவில்லை. அப்போதுதான் அக்கா பக்கத்தில் பார்த்தாள். ஆளில்லாத இருக்கையில் பெல்ட் விறைத்து நின்றது. ஒரு இழுப்பு. மறுபடி ஒரு இழுப்பு.

பயப்படவும் தெம்பு வேண்டும். அவளிடம் இல்லை. பெல்ட்டின் பட்டனை அமுக்கினாள்.

பெல்ட் சுருண்டது. அந்தப் பக்கத்துக் கதவு தானாகத் திறந்தது.

மூடியது.

சார்ஜ் எண்பது.

ஆஸ்பத்திரியில் தம்பியை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். "ரொம்ப லேட் பண்ணிட்டீங்களேம்மா" என்றாள் நர்ஸ். "இன்னைக்கு அனுப்ப மாட்டோம். மாத்துத்துணி எடுத்துட்டு வாங்க."

வெயில் இன்னும் இறங்கவில்லை. அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

மணி அடித்தது.

ஸ்டியரிங்குக்கு முன்னால் முன்சீட்டு பெல்ட் விளக்கு எரியவில்லை. எரிந்தது பின்சீட்டு விளக்கு. தம்பி உட்கார்ந்து வந்த இடம்.

இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள், ஆள் உட்கார்ந்த சூடு இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பெல்ட்டை இழுத்து இறுக்கமாக மாட்டினாள். மணி அடங்கியது.

பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். மடியில் செல்போன் ஒலித்தது, ஆஸ்பத்திரி நம்பர். அவள் எடுக்கவில்லை. கண்ணாடியில் பின்சீட்டு பெல்ட் விறைப்பது தெரிந்தது.

எத்தனையோ காலம் கழித்து அவளுக்கு அழுகை வந்தது.

"கொஞ்ச நேரம் இருடா" என்றாள்.

பெல்ட் தளர்ந்தது. யாரோ சாய்ந்து உட்கார்ந்ததுபோல் இருக்கை லேசாக அமுங்கியது.